கண்ணாடிக்குள் ஓங்கிய கை

யுகேந்திரனை வெட்டியபோது சபாபதி பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தார். ஆனால் அவர் தலை குனிந்திருந்தது.

சபாபதி கிள்ளான் ஊர்ச் சந்தையான பாசாரில் ஆட்டுக்கறி வெட்டுபவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. கட்டையான உடம்பு, தடித்த கழுத்து, முன்கை முழுக்கப் பழைய தழும்புகள். காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்து ஓடிவந்து, பாசாரில் தோலுரிக்கக் கற்றுக்கொண்டவர். அடி வாங்கி வளர்ந்தவன் அடிக்காதவனாக ஆவான் என்று நம்ப விரும்புகிறோம். அவர் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. கறியில் எலும்பு அதிகம் என்று கத்திய ஒருவனை ஒருமுறை கழுத்தைப் பிடித்து, ஆடு தொங்கும் கொக்கியோடு சேர்த்து நிறுத்திவைத்தார். அவன் காற்சட்டை நனைந்த பிறகுதான் விட்டார். கல்யாணமான புதிதில் மனைவி மாதவியிடமும் கையை ஓங்கினார். அவள் அழவில்லை. சமையலறைக்குப் போய் வெட்டுக்கத்தியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். "கைய ஏன் வலிக்க வச்சிக்கிறீங்க, இத எடுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே," என்றாள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் அவர் கை உயரவில்லை.

கேமரா வந்தது தற்செயலாக. பழைய சாமான் சந்தைக்குத் தராசு வாங்கப் போனவர், கறுப்பு ரொட்டித் துண்டு போலிருந்த அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். கீழே இருப்பது படம் பிடிப்பதற்கு, மேலே இருப்பது பார்ப்பதற்கு. பெட்டியின் தலையில் தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடி. பின்பக்கம் சிவப்புச் சன்னல் ஒன்று. அகலமான ஃபிலிமைச் சுற்றச் சுற்ற அதில் படத்தின் எண் வந்து நிற்கும். ஒரே வேகம், அதுவும் மெதுவான வேகம். எதிரில் நிற்பவர் வெயிலில் அசையாமல் நிற்க வேண்டும். எடுப்பவர் பெட்டியை வயிற்றோடு அணைத்து, தலையைக் கவிழ்த்துக் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும்.

பாசாரில் யாருக்கும் தலை வணங்காத மனிதர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கருவாட்டுக் கடைக்காரிக்கும் லோரிக்காரனுக்கும் முன்னால் இப்படிக் குனிந்து நின்றார். அதைப் பெரிய மாற்றம் என்று சொல்லிவிட முடியாது. படங்களும் அப்படியொன்றும் சிறப்பில்லை. பாதியில் வெளிச்சம் புகுந்திருக்கும், மீதியில் ஆள் ஓரத்தில் நழுவியிருப்பான். ஆனால் அந்த நேரத்தில் அவர் கைகள் வேறு எதையும் பிடித்திருக்கவில்லை. அவ்வளவுதான் அதன் நன்மை.

யுகேந்திரன் இழுவை லோரி ஓட்டுபவன். நெடுஞ்சாலையில் எங்கே கார் மோதினாலும் முதலில் போய் நிற்பவனுக்குத்தான் அந்தக் காரை இழுத்துப் போகும் வேலை கிடைக்கும். அந்த முந்தலில் அவனுக்கு எதிரிகள் இருந்தார்கள். அவன் அண்ணன் ஜெயராஜ் மேருவில் லோரிகளை வைத்து நடத்துபவன். அவனுக்கு இன்னும் அதிகம் இருந்தார்கள். அன்றைக்கு யுகேந்திரன் புதிதாகச் சாயம் அடித்த லோரியோடு வந்து, டயர் கடைக்கு முன்னால் நிறுத்தினான்.

"அண்ணே, நல்லா எடுங்க லா. பொண்ணு வீட்டுல காட்டணும்."

"போன்ல எடுத்து அனுப்பேன்டா. எனக்கு ஏன் ஃபிலிம் வேஸ்ட்டு?"

"போன்ல எடுத்தா ரௌடி மாதிரி இருக்கேன் அண்ணே. ஒங்க பெட்டியில எடுத்தா அந்தக் காலத்துத் தோட்டத்து ஆபிஸ் கிராணி மாதிரி இருக்கும்."

"ஒன் மூஞ்சியப் பார்த்தா லோரிக்குத்தான் பொண்ணு குடுப்பாங்க. சரி, பல்லக் காட்டுனது போதும். அசையாதடா. மூச்சுகூட உடாத."

யுகேந்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். சபாபதி குனிந்தார். கண்ணாடிக்குள் சின்ன யுகேந்திரன், சின்ன லோரி, சின்ன வானம். ஓரத்தில் ஒரு கறுப்பு ஹெல்மெட் நுழைந்தது. யாரோ குறுக்கே வருகிறான் என்று எரிச்சல்பட்டார். யுகேந்திரனின் முதுகுக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்தது. அதில் பாராங் கத்தி இருந்தது.

அடுத்து வந்த சத்தம் சபாபதி தினமும் கேட்பது. எலும்பில் கத்தி இறங்கும் சத்தம்.

அவர் தலையை நிமிர்த்துவதற்குள் ஹெல்மெட்காரன் மோட்டாரின் பின்னால் ஏறிவிட்டான். மோட்டார் சந்துக்குள் மறைந்தது. யுகேந்திரன் ஒரு கணம் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு முழங்கால் மடங்கியது. சபாபதி கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஓடிப்போய், அவன் பிடரியை இரண்டு கையாலும் பொத்தினார். ஆட்டின் கழுத்தில் எங்கே கீறினால் இரத்தம் முழுதாக வடியும் என்று அவருக்குத் தெரியும். எங்கே பிடித்தால் நிற்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. விரல்களுக்கு இடையில் அது சுடச்சுட வந்துகொண்டே இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் பிடித்திருந்தது பிணத்தின் கழுத்தை.

போலீசிடம் அவர் எதுவும் பார்க்கவில்லை என்றார். அங்கே இருந்த எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆனால் சவக்கிடங்கு வாசலில் ஜெயராஜ் வந்து எதிரில் நின்றபோது அப்படிச் சொல்ல முடியவில்லை. ஜெயராஜ் அழவில்லை. தம்பியின் செருப்பு ஒன்றைக் கையில் வைத்திருந்தான்.

"அண்ணே, மூஞ்சி தெரியலன்னு எல்லாரும் சொல்றான். வெட்டு நடுப் பிடரியில எறங்கியிருக்கு. அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நீங்க நேரா பார்த்தீங்க. எந்தக் கையால வெட்டுனான்?"

சபாபதி கண்ணை மூடிப் பார்த்தார். கண்ணாடிக்குள் அந்தக் கை மறுபடி உயர்ந்தது.

"பீச்சாங்கை."

"ஷுவரா?"

"நான் முப்பது வருசமா வெட்டுறவன்டா. எந்தக் கை வெட்டுதுன்னு எனக்குத் தெரியாதா?"

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பரமேஸ்வரனும் இழுவை லோரி ஓட்டுபவன்தான். ஒரு மாதத்துக்கு முன்னால் மேரு சாலையில், நசுங்கிய கார் ஒன்றுக்காக யுகேந்திரனை ஊர் பார்க்க அறைந்தவன். அறைந்தது இடது கையால். அவன் சாப்பிடுவது தவிர எல்லாவற்றையும் இடது கையால் செய்பவன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஜெயராஜ் செருப்பைக் கீழே வைத்துவிட்டு, சபாபதியின் தோளைத் தொட்டான். "நன்றிண்ணே. ஊருல நீ ஒருத்தன்தான் ஆம்பள."

சபாபதிக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது அவரோடு வந்தது.

யுகேந்திரனுக்குக் காரியம் முடிந்த அன்று பரமேஸ்வரனைப் பிடித்தார்கள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை மதிலுக்கு வெளியே, பட்டப்பகலில், அவன் லோரியை இரண்டு லோரிகள் மறித்தன. அவனைக் கீழே இழுத்துப் போட்டு, இடது கையை லோரியின் படிக்கட்டில் வைத்து அமுக்கிப் பிடித்தார்கள். ஜெயராஜே வெட்டினான். மணிக்கட்டு ஒரே வெட்டில் போகவில்லை. தலையிலும் முதுகிலும் வெட்ட ஆரம்பித்தபோது தொழிற்சாலைச் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வந்ததால் உயிரோடு விட்டுப் போனார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு வெளியில ஆள் போட்டிருக்கானுங்களாம்," என்றாள் மாதவி. பாசாரில் அவளுக்குச் செய்தி முதலில் வரும். "எப்ப டிஸ்சார்ஜ் பண்றாங்களோ அன்னிக்கு முடிச்சிடுவாங்களாம். நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்குங்க."

"நான் பார்த்ததச் சொன்னேன்."

"பார்த்தா பாலாய்ல போயி போலீஸ்கிட்ட சொல்லணும். பொணத்து வாசல்ல நின்னு சொல்றதுக்குப் பேரு சாட்சியா?"

 சபாபதி சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தார். மாதவி சிதறியதை எடுக்கப் போகவில்லை. சோறு ஒட்டிய சுவரைப் பார்த்தபடியே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

கேமரா அப்படியே அலமாரியில் கிடந்தது. சிவப்புச் சன்னலில் ஏழு என்ற எண் நின்றிருந்தது. ஏழாவது படத்தை எடுத்தோமா, எடுப்பதற்கு முன் எல்லாம் முடிந்துவிட்டதா என்று அவருக்கே தெரியாது. அந்த மாதிரிக் கேமராவில் அதைக் கேட்டு அறியவும் வழியில்லை. அமுக்கியதும் அமுக்காததும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். பெட்டியின் தோல் வாரில் யுகேந்திரனின் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. மாதவி பேசிய மறுநாள் அவர் கடையைச் சீக்கிரம் மூடி, மீதி ஃபிலிமை வெறுமனே சுற்றி முடித்து, ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனார்.

அங்கே ஒரு மாடிக் கடையில் ஷாமினி ஃபிலிம் கழுவித் தருகிறாள். முப்பது வயது, கட்டை முடி, மருந்து பட்டுப் பழுப்பேறிய நகங்கள். சபாபதியின் படங்களைப் பற்றி அவள் ஒருநாளும் நல்லபடியாகச் சொன்னதில்லை. அதனாலேயே அவருக்கு அவளைப் பிடிக்கும். கழுவி உலர்த்தும்வரை அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவள் கூப்பிட்டபோது குரல் மாறியிருந்தது.

"அங்கிள், இது என்ன?"

ஃபிலிமை வெளிச்சப் பலகைமேல் போட்டு, கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். ஏழாவது படம் விழுந்திருந்தது. அதுவரை அவர் எடுத்தவற்றிலேயே துல்லியமான படம். யுகேந்திரனின் முகத்தில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. சொன்னபடி அவன் அசையவில்லை. மூச்சை அடக்கியதில் கன்னம் லேசாக உப்பியிருந்தது. பின்னால் ஹெல்மெட். அதற்குமேல், உச்சிக்குப் போய் இறங்குவதற்கு முன் ஒரு கணம் நிற்கும் கை.

வலது கை.

"திருப்பிப் போட்டிருக்க பாரு," என்றார் சபாபதி. "ஃபிலிமப் பெரட்டிப் போடு."

"இல்ல அங்கிள். பின்னால டயர் கடை போர்டைப் பாருங்க. எழுத்து நேரா படிக்க வருது. பெரட்டினா அது பக்கம் மாறிப் போயிடும்."

"நான் பார்த்தேம்மா. என் கண்ணால பார்த்தேன். பீச்சாங்கை."

ஷாமினி அவர் கழுத்தில் தொங்கிய பெட்டியைக் காட்டினாள். "எதுல பார்த்தீங்க? இதுலயா? இது கண்ணாடி அங்கிள். முடி சீவுற கண்ணாடி மாதிரிதான். எல்லாம் பக்கம் மாறித்தான் தெரியும். இது ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரியாமல் எப்படி? ஆள் இடப்பக்கம் நழுவினால் பெட்டியை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க அவர் கைகள் எப்போதோ பழகியிருந்தன. நன்றாகப் பழகியதாலேயே அதை அவர் நினைப்பதை விட்டுவிட்டார். கைக்குத் தெரிந்தது, வாய்க்கு எட்டவில்லை. மனிதன் பெரும்பாலும் தெரியாத விஷயத்தில் தவறுவதில்லை. யோசிக்கத் தேவையில்லாத அளவுக்குத் தெரிந்த விஷயத்தில்தான் தவறுகிறான். சவக்கிடங்கு வாசலில் அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட ஒரு தயக்கம் இருந்திருக்கும், அதை ஜெயராஜ் கவனித்திருக்கக்கூடும்.

 ஷாமினி ஃபிலிமையும் ஏழாவது படத்தின் அச்சு ஒன்றையும் உறையில் போட்டு நீட்டினாள். 

"நான் இதப் பார்க்கவே இல்ல அங்கிள். தயவு செஞ்சு."

ரயிலில் அவர் தன் மடியையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் படம் கொலைகாரன் யார் என்று சொல்லவில்லை. யார் இல்லை என்பதை மட்டும் சொன்னது. அதைக் கேட்க விரும்பும் ஆள் யாருமில்லை. பேசாமல் இருந்தால் பரமேஸ்வரனை முடித்துவிடுவார்கள். பேசினால் தன்னை என்ன செய்வார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்ததுதான். முதலில் ஜெயராஜ், பிறகு போலீஸ் என்று முடிவு செய்தார். பாலாயில் எழுதி முடிப்பதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் உள்ளே போய்விடக்கூடும்.

மேருவில் ஜெயராஜின் இடம் நசுங்கிய கார்களால் நிறைந்திருந்தது. ஜெயராஜ் ஒரு பானெட்டின் மேல் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் ஆட்கள் இரண்டு பேர்.

"வாண்ணே! சாப்பிடுறியா?"

சபாபதி படத்தை நீட்டினார். ஜெயராஜ் நீண்ட நேரம் தம்பியின் முகத்தை மட்டும் பார்த்தான். பிறகுதான் கை அவன் கண்ணில் பட்டது.

"என்னண்ணே இது?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன்டா. சோத்தாங்கை. அது பரமேஸ்வரன் இல்ல."

ஆட்களில் ஒருவன் சிரித்தான். "எவ்ளோ குடுத்தானுங்க பாஸ் இந்தக் கறிக்கடைக்கு? படத்தையே மாத்திக் கொண்டாந்துட்டாரு."

"வாய மூடு," என்றான் ஜெயராஜ். சபாபதியின் சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்துக்கு நேராக நிறுத்தினான். வாயில் பருப்புக் குழம்பு வாடை. "முப்பது வருசமா வெட்டுறவன்னு சொன்ன."

"சொன்னேன். நான் நேரா பார்க்கல. இதுக்குள்ளதான் பார்த்தேன்." சபாபதி பெட்டியைக் கழுத்திலிருந்து கழற்றினார். "நீயே பாரு. ஒன் ஆள அங்க நிக்கச் சொல்லு. சோத்தாங்கையத் தூக்கச் சொல்லு."

சிரித்தவன் ஸ்பேனரை எடுத்து வலது கையில் ஓங்கிக்கொண்டு நின்றான். ஜெயராஜ் பெட்டியை வயிற்றில் வைத்துக் குனிந்தான். நிமிர்ந்து ஆளைப் பார்த்தான். மறுபடி குனிந்தான். "கைய மாத்துடா," என்றான். அவன் மாற்றினான். ஜெயராஜ் மறுபடி நிமிர்ந்தான், குனிந்தான். அப்படியே தலையைத் தூக்காமல் நின்றான். சிரித்தவன் ஓங்கிய ஸ்பேனரோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

"மூணு வெட்டு வெட்டினேன்," என்றான் ஜெயராஜ், கண்ணாடிக்குள் பார்த்தபடியே. "நான் இல்லடா, நான் இல்லடான்னு கத்திக்கிட்டே இருந்தான். கத்துறத நிறுத்தணும்னே வேகமா வெட்டினேன்."

போனை எடுத்தான். "டேய், ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கறவனுங்க எல்லாம் திரும்பி வாங்க. ஆமாடா, எல்லாரும். அவன யாரும் தொடக் கூடாது." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அடுத்த கணம் பெட்டியைச் சபாபதியின் முகத்தில் அறைந்தான்.

மூக்கெலும்பு உடைந்த சத்தமும் பெட்டி உடைந்த சத்தமும் சேர்ந்தே கேட்டன. கீழே விழுந்தவரை ஜெயராஜ் உதைத்தான். விலாவில், வயிற்றில், மறுபடி விலாவில். "ஒன் கண்ணு! ஒன் கண்ணுதானேடா சொல்லுச்சு! நான் கேட்டேன் இல்ல, ஷுவரான்னு கேட்டேன் இல்ல!" ஆட்கள் தடுக்கவில்லை. சபாபதியும் கையைத் தூக்கவில்லை. திருப்பி அடிக்கத் தெரியாதவரல்ல. ஜெயராஜின் கணுக்கால் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. களைத்துப்போய் ஜெயராஜ் மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டான். பிறகு, இத்தனை நாளாக வராத அழுகை அவனுக்கு வந்தது. பெரிய மிருகம் இருமுவது போல அழுதான்.

மாதவிதான் சபாபதியைப் பாலாய்க்குக் கூட்டிப்போனாள். மூக்கில் துணியை வைத்துக்கொண்டு அவர் எல்லாவற்றையும் சொன்னார்: டயர் கடை, சவக்கிடங்கு வாசல், மேரு. ஃபிலிமைக் கொடுத்தார். முன்பு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு எரிந்து விழுந்தார்கள். மறுநாள் ஜெயராஜைப் பிடித்தார்கள். அவன் ஓடவில்லை. யுகேந்திரனை வெட்டியவன் யார் என்று இன்றுவரை தெரியாது. உலகில் வலது கைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இனி பரமேஸ்வரனைப் பார்க்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்றாள் மாதவி. பிறகு அவளே சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

வார்டில் பரமேஸ்வரன் தலையணையில் சாய்ந்திருந்தான். தலையில் கட்டு. இடது கை முழங்கைக்குக் கீழே பஞ்சும் துணியுமாக ஒரு பந்தில் முடிந்தது. வலது கையில் பேனாவைப் பிடித்து ஏதோ தாளில் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருந்தான். கோழி கிளறியது போல வந்திருந்தது.

"நான் சபாபதி. பாசார்ல கறிக்கடை. பீச்சாங்கைன்னு சொன்னது நான்தான்."

பரமேஸ்வரன் பேனாவை வைத்தான். அவர் வீங்கிய முகத்தைப் பார்த்தான்.

"வெட்டுனவன் யாருன்னு எனக்குத் தெரியும். என் மேல ஏன் சந்தேகப்பட்டான்னுதான் தெரியாம இருந்துச்சு. சும்மா அவன் தம்பிய எப்பவோ அறைஞ்சதுக்கான்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்." தலையணையிலிருந்து நிமிர்ந்தான். "நீ என்னை அங்க பார்த்தியா?"

"இல்ல. ஒரு கையத்தான் பார்த்தேன். அதையும் தப்பாப் பார்த்தேன்."

"கோர்ட்டுல இதையே சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"ஜெயராஜ் ஆளுங்க ஒன்ன சும்மா உட மாட்டானுங்க."

"தெரியும்."

"கிட்ட வா."

சபாபதி கட்டிலை நெருங்கினார்.

"இன்னும் கிட்ட வா லா. எனக்கு எட்டாது."

சபாபதி குனிந்தார். பரமேஸ்வரன் அறைந்தான். பழக்கமில்லாத கை, முதல் அறை காதில் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது சரியாக விழுந்தது. உடைந்த மூக்கிலிருந்து இரத்தம் வெள்ளை விரிப்பில் சொட்டியது. சபாபதி விலகவில்லை. மூன்றாவது முறை ஓங்கியபோது நர்ஸ் ஓடிவந்தாள்.

"ஆலமாக்! என்ன நடக்குது இங்க? யாரு அடிச்சது?"

"ஒண்ணுமில்ல மிஸ்ஸி," என்றார் சபாபதி.

"என்ன ஒண்ணுமில்ல? இரத்தம் கொட்டுது! நான் ரிப்போர்ட் எழுதணும். யாரு அடிச்சா?"

பரமேஸ்வரன் மூச்சு வாங்கத் தலையணையில் சாய்ந்தான். சிவந்துபோன உள்ளங்கையைத் தூக்கி அவளுக்குக் காட்டினான்.

"நான்தான் மிஸ்ஸி. சோத்தாங்கையால. சந்தேகமா இருந்தா இவரையே கேளுங்க, நல்லாப் பார்த்திருப்பாரு."